டச்சப் பண்ணாத முகம்

எங்கள் போட்டோ ஸ்டுடியோவில் அவனுக்கு டச்சப் என்றுதான் பெயர். வயது இருபத்து நான்கு. நான் எடுத்துத் தருகிற முகங்களில் கம்ப்யூட்டரில் பருவை அழிப்பான், தழும்பை மறைப்பான், கண்ணுக்குக் கீழே கருவளையம் இருந்தால் சுத்தமாக எடுத்துவிடுவான். கை அத்தனை வேகம். வாய்க்குத்தான் பூட்டு.

இரண்டு வருடமாக அவனுக்குச் சரியான தூக்கம் இல்லை. சாப்பாட்டு டப்பாவைப் பாதியிலேயே மூடிவிடுவான். கேட்டால், "வேலை ஜாஸ்திண்ணே" என்பான். வேலை கொடுப்பவனே நான்தான், எனக்குத் தெரியாதா? தெரிந்தும் விட்டுவிட்டேன்.

பெண் பார்க்க போட்டோ வேண்டும் என்று அவன் அம்மா கேட்டிருந்தார். நான் எடுத்தேன். அவனே சரிசெய்து ஆறு பிரதி போட்டு வைத்தான். மறுநாள் காலை அம்மா வந்து, உறையைப் பிரித்து, ஒரு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது யாருப்பா?"

"நான்தாம்மா."

"கண்ணுக்குக் கீழ இருந்த கறுப்பு எங்க?"

பழக்கதோஷம். ஊருக்கெல்லாம் செய்வதைத் தனக்கும் செய்திருக்கிறான். போதாததற்கு, உதட்டோரங்களைக் கொஞ்சம் மேலே தூக்கிச் சிரிக்கவும் வைத்திருக்கிறான்.

"தினமும் அந்தக் கறுப்பைத்தான்டா பார்க்கிறேன். பொண்ணு வீட்டுல மறைக்கலாம். எங்கிட்ட என்னத்த மறைக்கிற?"

நான் நைசாக நழுவப் பார்த்தேன். "இருங்கண்ணே" என்றான். தனியாகச் சொல்ல அவனுக்குப் பயம்.

"பொண்ணு பார்க்க வேணாம்மா. எனக்குப் பொண்ணுங்க மேல ஆசை வர்றதில்ல. ஆம்பளைங்க மேலதான் வருது. எப்பவுமே அப்படித்தான்."

பாஸ்போர்ட் போட்டோவுக்கான ஸ்டூலில் அம்மா உட்கார்ந்துவிட்டார். அதில் யார் உட்கார்ந்தாலும் 'கொஞ்சம் சிரிங்க' என்று சொல்வது என் வாய்க்குப் பழக்கம். அன்று மூடிக்கொண்டிருந்தேன்.

"இதனாலதான் தூங்கலையா?"

"இதைச் சொல்ல முடியாமதாம்மா."

"தப்பா ஏதாவது பண்ணிக்கலாம்னு நெனச்சியா?"

அவன் குனிந்தபடியே, "ம்" என்றான். முகங்களைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறேன், பக்கத்து நாற்காலியில் இருந்த முகத்தை இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது.

அம்மா எழுந்தார். "நீ சொன்னது எனக்கு ஒண்ணும் புரியல. டாக்டர்கிட்ட போகலாம், வா."

"என்னை மாத்துறதுக்குன்னா வரமாட்டேன்மா."

"தூங்க வைக்கிறதுக்குடா," என்று அவன் கையைப் பிடித்தார்.

போட்டோக்களை அவர் எடுத்துக்கொண்டு போகவில்லை.