மாடே என்னும் மந்திரம்

ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் முதுகுவலிக்காரருக்காக நடக்கும் ஒரு யோகா வகுப்பில், கண்ணை மூடிக் கிடந்த கமலநாயகிக்குக் கேட்டது கடவுளின் குரல் அல்ல. அவருடைய சொந்தக் குரல்.

ஜெர்மானியர்கள் வரிசையாகப் பாயில் மல்லாந்திருந்தார்கள். ஆசிரியை ஒலிபெருக்கியை முடுக்கிவிட்டு, "இது தென்னிந்தியாவின் தொன்மையான மந்திரம். பொருளைத் தேடாதீர்கள், உள்ளே இறங்க விடுங்கள்" என்றார். அடியில் தடித்த பேஸ் கிட்டார் நடந்தது. அதன் மேல் ஒரு பெண் குரல் ஏறியது:

"ஈரம் ஈரம் மிதியாதை! சப்பாத்தைக் கழட்டடா மாடே!"

"மாடே... மாடே..." என்று எல்லோரும் பக்தியோடு முணுமுணுத்தார்கள். அது அன்னையின் திருநாமம் என்றார் ஆசிரியை. கமலநாயகிக்கு வெடித்த சிரிப்பில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் சேர்ந்துதான் எழுப்பினார்கள். பக்கத்துப் பாய்க்காரர், சக்தி இறங்குவதாக மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னாராம்.

இறங்கியது சக்தி அல்ல, 1985ஆம் ஆண்டு. அப்போது இந்த ஊரில் 'ப்ளௌவர் டம்ஃப்' என்று ஓர் இசைக்குழு இருந்தது. நீல ஆவி என்று பொருள். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் ஃபங்க் இசையை உயிராக நேசித்த ஐந்து ஜெர்மன் இளைஞர்கள். டிஸ்கோ செத்து நாலைந்து ஆண்டு ஆகியிருந்தது. அந்தச் செய்தியை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஒரே ஓர் இசைத்தட்டு வெளியிட்டார்கள். அதைச் சொந்தக்காரர்கள் வாங்கினார்கள்.

பழைய நெசவாலை ஒன்றில் இருந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் அதைப் பதிந்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாக வந்திருந்த இளம்பெண் கமலநாயகி அங்கே தரை துடைத்தார். துடைத்த ஈரம் காயும் முன்னே ட்ரம்ஸ் அடிப்பவன் பனிச்சேறு அப்பிய சப்பாத்தோடு குறுக்கே நடந்தான். ஒருமுறை அல்ல, போகவும் வரவும். கமலநாயகி வாய்விட்டு ஏசினார். ஒலிவாங்கி திறந்து கிடந்தது. அந்த ஏச்சு தாளம் பிசகாமல் விழுந்திருப்பதைக் கேட்ட பையன்கள் துள்ளினார்கள். அதையே திரும்பத் திரும்ப ஒட்டிப் பாட்டாக்கிவிட்டு, அட்டையில் என்ன பெயர் போடலாம் என்று மரியாதையாகவே கேட்டார்கள்.

"பேர் போடாதேங்கோ" என்று கமலநாயகி கெஞ்சினார். அகதி விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தவருக்கு வேலை செய்யும் உரிமை இல்லை. பெயர் வெளியே வந்தால் வேலை செய்தது தெரிந்துவிடும். உழைக்காதே என்றது சட்டம். உழைக்காமல் தின்கிறார்கள் என்றது தெரு. இரண்டையும் ஒரே வாயால் சொல்ல முடிந்த அறிவாளிகள் இன்றும் ஓய்வு பெறவில்லை.

வகுப்பில் கேட்டதை அவர் மகள் தேனுஜாவிடம் சொன்னார். தேனுஜா தேடிப் பார்த்தாள். மறந்துபோன ஃபங்க் தட்டுகளைத் துருவித் தேடுகிறவர்களிடம் நீல ஆவி இப்போது பெரும் புகழோடு இருந்தது. அந்தப் பாட்டு இணையம் வழியாக யோகா வகுப்புகள் வரை பரவியிருந்தது. கொலோன் நகரில் ஒரு சிறு நிறுவனம் அந்தத் தட்டை மறுபடி வெளியிடப் போகிறது. இணையத்தில் அட்டையின் மாதிரியும் கிடைத்தது. குரல்: பெயர் தெரியாத பூசாரிணி. சொற்கள்: மரபு.

மரபு என்பது அழகான சொல். ஒருத்தியின் வாயிலிருந்து பிறந்ததை எவருடையதும் அல்ல என்று ஆக்குவதற்கு அதைவிட மரியாதையான வழியை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை.

"துடைச்ச தரையெல்லாம் அடுத்த நாளே ஊத்தையாப் போச்சு" என்றார் கமலநாயகி. "நான் செய்ததில அழியாமக் கிடக்கிறது இது ஒண்டுதான் பிள்ளை. அதில என்ர பேர் வேணும்."

இருவரும் கொலோனுக்குப் போனார்கள். நிறுவனத்தை நடத்தும் யோர்க் நல்ல மனிதர், தேநீர் கொடுத்து வரவேற்றார். ஆனால் அவருடைய அறையில், மந்திர நிபுணர் என்ற பொறுப்போடு, இவர்கள் போகும் தமிழ்க் கோயிலின் நிர்வாக சபைத் தலைவர் பரராசசிங்கம் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார்.

"வா தங்கச்சி, இரு. நான் இவருக்கு எல்லாம் விளங்கப்படுத்திப் போட்டன்."

"என்னத்தை அண்ணை விளங்கப்படுத்தினியள்?"

"ஈரம் எண்டால் கருணை. நெஞ்சில ஈரம் எண்டு சொல்லுறேல்லையே? சப்பாத்து எண்டால் ஆணவம். ஆணவத்தைக் கழட்டு எண்டு வருது."

"அப்ப மாடு?"

"நந்தி."

தேனுஜாவுக்குத் தேநீர் புரையேறியது.

"அண்ணை, அந்த மாடு ட்ரம்ஸ் அடிக்கிற பெடியன்!"

"பாத்தியே! நந்திதானே மத்தளம் வாசிக்கிறவர்!"

இப்படிப் பொருள் சொல்லத் தொடங்கினால் மீன்கடைப் பற்றுச்சீட்டிலும் வேதாந்தம் கிடைக்கும்.

"கோயில் வாசல்லயும் சப்பாத்தைக் கழட்டுங்கோ எண்டு எழுதி ஒட்டியிருக்கிறியள். அதுவும் மந்திரமோ?" என்றார் கமலநாயகி.

பரராசசிங்கம் குரலைத் தாழ்த்தினார். "வெள்ளைக்காரன் எங்கட சமயத்தை மதிக்கிறான் தங்கச்சி. தரை துடைச்ச கதையைச் சொல்லி மானத்தை வாங்கப் போறியே?"

"தரை துடைச்சதில என்ன மானம் போச்சு? உங்கட கோயில் மண்டபத்தை ஆர் துடைக்கிறது, நந்தியோ?"

தமிழ் ஓய்ந்ததும் யோர்க் ஜெர்மனில் ஒரு சமரசம் சொன்னார். குரல் இவருடையதுதான் என்று அவர் நம்பினார். பெயரும் போடலாம்: பூசாரிணி கமலா. சேலை கட்டிய படம் ஒன்றும் இருந்தால் நல்லது. மந்திரம் மட்டும் மந்திரமாகவே இருக்கட்டும். யோகா நிலையங்கள் கேட்டிருக்கின்றன.

"அம்மா, பேராவது வரும். ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று தேனுஜா காதில் கிசுகிசுத்தாள்.

"கமலா எண்டு இஞ்ச ஆரும் இல்லை" என்று கமலநாயகி மகளிடம் சொன்னார். பிறகு யோர்க்கிடம் ஜெர்மனில் சொன்னார்: "என் பெயரும் என் வேலையும் போடுங்கள். சொற்களும் என்னுடையவை என்று போடுங்கள். முடியாவிட்டால் என் குரலை எடுத்துவிட்டு மிச்சத்தை விற்றுக்கொள்ளுங்கள்."

கருவிகளும் குரலும் தனித்தனியாக யோர்க்கின் கணினியில் இருந்தன. குரல் இல்லாமல் எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று அதை நிறுத்தினார். பேஸ் போய்க்கொண்டிருந்தது. ட்ரம்ஸும் போய்க்கொண்டிருந்தது. நிறுத்தத்தில் எஞ்சினை ஓடவிட்டு நிற்கும் பேருந்து போல, பாட்டு எங்கும் போகாமல் உறுமியது. அதுவரை மேசைக்கடியில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பரராசசிங்கத்தின் கால்கூட நின்றுவிட்டது.

யோர்க் பெருமூச்சு விட்டுக் குரலை மீண்டும் ஏற்றினார். "முழுப் பெயரைச் சொல்லுங்கள்."

"கே, கார்டோஃபல் என்பதில் வருகிற கே" என்று கமலநாயகி தொடங்கினார். அலுவலகம் அலுவலகமாக, உருளைக்கிழங்கைச் சாட்சி வைத்து, எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பழகிய வாய். யோர்க் எழுதினார், எழுதிக்கொண்டே போனார், பிறகு நிமிர்ந்தார்.

"இன்னும் இருக்கிறதா?"

"கமலநாயகி முடிந்தது. இனிச் சிவகுருநாதன்."

யோர்க் தட்டின் நடுவில் ஒட்டும் சின்னஞ்சிறு தாளை எடுத்துக் காட்டினார். "இவ்வளவுதான் இடம். குழுவின் பெயரும் வரவேண்டும்."

"வட்டமாகத்தானே இருக்கிறது? சுற்றி எழுதுங்கள். ஆவியைக் கொஞ்சம் சின்னதாக்குங்கள்."

யோர்க் சிரித்துவிட்டார். சுற்றி எழுதிப் பார்த்தார். பெயர் கிட்டத்தட்ட முழு வட்டமும் ஓடி, 'துப்புரவுப் பணியாளர்' என்ற சொல் அதன் வாலைத் தொட்டது.

பரராசசிங்கம் எட்டிப் பார்த்தார். "தங்கச்சி, ஒரு ஓரத்தில கோயிலுக்கு நன்றி எண்டு..."

"இடமில்லை அண்ணை."