ராசிபுரம் சாலையில் இருநூற்று நாற்பது ராத்தல்

காலை ஐந்து மணிக்குச் சேலம் அஸ்தம்பட்டியில், வீட்டு வாசற்படியில் ஒரு காலை ஊன்றிச் சைக்கிளில் ஏறினேன். போகவேண்டியது நாமகிரிப்பேட்டை, ஏறக்குறைய இருபத்தைந்து மைல். என் எடை இருநூற்று நாற்பது ராத்தல். சைக்கிள் பழகி நாற்பது நாள்தான் ஆகிறது. பெட்ரோலுக்குப் பதில் கரிப்புகையில் ஓடும் பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் என் பருமனே உள்ள அண்ணன் அங்கே மூன்று மாதமாக அறையை விட்டு வெளியே வரவில்லை. இனியும் நடமாடாவிட்டால் பிழைக்கமாட்டார் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "நம்ம ஒடம்புக்கு அதெல்லாம் ஆவாது" என்று எனக்குச் சொல்லியனுப்பினார் அண்ணன். ஆகும் என்று காட்டத்தான் கிளம்பினேன்.

என்னைப் போன்ற பருத்த உடம்புக்காரர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எம்பி ஏற நமக்கு வராது. மைல்கல்லின்மேல் காலை வைத்துத்தான் நான் ஏறுவேன். ஒரு கல்லில் ஏறினால் அடுத்த கல்வரை இறங்குவதில்லை. இருபத்தைந்து மைலை நினைத்திருந்தால் வீட்டிலேயே இருந்திருப்பேன்.

ஏழரை மணிக்கு மல்லூர். இரண்டு இட்லியும் காப்பியும் ஓரணா. ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் மூச்சு முட்டி, இரண்டு கல்லுக்கு நடுவே விழுந்தேன். அன்று அது மூன்றாவது தடவை. முழங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. கடலை மூட்டை ஏற்றிவந்த மாட்டுவண்டிக்காரர் நிறுத்தினார்.

"ஏனுங்க சாமி, அடி பலமுங்களா? வண்டில ஏறிக்கங்க, ராசிபுரத்துல உட்டுடறேன்."

"வேண்டாங்க. அடுத்த கல்லு வரைக்கும் நடந்துட்டா ஏறிக்குவேன்."

"இந்த ஒடம்ப வெச்சுக்கிட்டு எதுக்குங்க இந்தப் பாடு?"

நடுரோட்டில் அழுதேன்; அதை மறைப்பானேன்? கல் வரும்வரை அவர் மாடுகளை என் நடைக்கே ஓட்டிவந்தார்.

பதினொரு மணிக்கு ராசிபுரம். வெயில் தணியும்வரை சத்திரத்தில் படுத்திருந்துவிட்டு, மாலை ஐந்தரைக்கு நாமகிரிப்பேட்டை சேர்ந்தேன்.

அண்ணன் கட்டிலில் படுத்தபடியே என் முழங்கையைப் பார்த்தார்.

"எத்தன தடவ உழுந்தே?"

"மூணு தடவைங்கண்ணா."

"அப்புறமும் ஏறுனியா?"

"ஏறாம எப்படிங்க வாரது?"

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். இரவுச் சாப்பாட்டுக்கும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. வந்தது வீண் என்றே நினைத்தேன்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு விடைபெறப் போனேன். கட்டிலில் அவர் இல்லை. வாசலில் சைக்கிள் சீட்டைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார்.

"தள்ளு" என்றார்.

நான் முன்னால் தள்ள, அவர் சீட்டைப் பிடித்தபடி பின்னால் நடந்தார். நாலு வீடு தாண்டியதும் நின்றார். சட்டை முழுதும் வியர்வை.

"இன்னைக்கு இது போதும் சாமி. நீ பொறப்படு. நாளைக்கு அஞ்சாவது ஊடு."