வாய்ப்புண் வந்த குட்டி

வெள்ளைக்காரன் சண்டைக்கு ஆள் எடுத்துக்கொண்டிருந்த காலம். மதுரைப் பக்கம் பரவை ஊருக்கு மேற்கே, அறுப்பு முடிந்த வயலில் எங்கள் ஆட்டுக் கிடை கிடந்தது. என் வீட்டுக்காரர் ஆடும் அவர் அண்ணன் ஆடும் ஒரே மந்தை. எனக்கென்று பிறந்த வீட்டிலிருந்து வந்தது ஒரே ஒரு செம்மறி. அது போட்ட பெட்டைக் குட்டிக்கு வாயெல்லாம் புண். பொருக்குத் தட்டிய உதட்டோடு போய் முட்டினால் தாய் எட்டி உதைத்தது. தாய்க்கும் காம்பில் புண். குட்டி கடித்துவிட்டது என்று நினைத்தேன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருப்பேன், எழுந்தால் குட்டியைப் போய்ப் பார்ப்பேன். சோறு இறங்கவில்லை. வீட்டுக்காரர் சிரித்தார்.

"குட்டிக்கு வாய்ப்புண்ணு ஊரு உலகத்துல இல்லாததா? வருசா வருசம் எந்த மந்தைக்குத்தான் வரல?"

"ஒங்களுக்கென்ன, அம்புட்டும் ஒங்க ஆடு. எனக்கு இது ஒண்ணுதான்" என்று சீறினேன்.

தாய் சேர்க்காத குட்டியை வேறு ஆட்டின் மடியில் விடுவது எங்கள் வழக்கம். ஓரகத்தி, என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தானாகவே வந்தாள்.

"ஏத்தா, அழுவாத. என் ஆட்டுல விடு, நான் புடிச்சுக்கிறேன்."

அவள் ஆட்டை அசையாமல் பிடித்துக்கொள்வாள். நான் குட்டியின் வாயைக் காம்பில் வைப்பேன். ஒரே ஆட்டை வாட்டக் கூடாதென்று காலையில் ஒன்று, உச்சியில் ஒன்று, பொழுது சாய ஒன்று. மூன்றே நாளில் அவளுடைய தாயாடு அத்தனையிலும் என் குட்டி குடித்துவிட்டது.

ஒரு வாரம் கழித்து அவள் குட்டிகளின் வாயில் பொருக்கு. தாய்களின் காம்பில் புண். ஒரு தாயும் தன் குட்டியை அண்டவிடவில்லை. பசியில் அவை கத்திய கத்தலைக் காது கொண்டு கேட்க முடியவில்லை.

வீட்டுக்காரர் மதுரைக்குப் போய் மாட்டு டாக்டரைக் கேட்டுவிட்டு வந்தார். "சாதாரண நோய்தானாம், தன்னால ஆறிருமாம். ஆனா ஒட்டுவாரொட்டியாம். புண்ணு வந்த குட்டிய அடுத்த மடியில மட்டும் விட்றக் கூடாதாம். யாராச்சும் விட்டீங்களா?"

என்னைத்தான் பார்த்தார். கோபம் வந்தால் அவருக்குக் கைதான் முதலில் பேசும். நான் ஓரகத்தி முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"யாரும் விடல தம்பி" என்றாள் ஓரகத்தி.

ஆறும் என்றது நிஜம்தான். ஆறும்வரை பசி பொறுக்க வேண்டுமே! துணியைப் பாலில் நனைத்து நனைத்து ஊட்டினோம். அப்படியும் அவளுடைய குட்டிகளில் ஐந்து செத்தன. என் குட்டி பிழைத்துத் துள்ளியது. அதைப் பார்க்க எனக்கே எரிச்சலாக வந்தது. ஐந்தாவதைப் புதைக்க நான் மண்வெட்டிக்குக் கை நீட்டினேன், ஓரகத்தி தரவில்லை. நான்தான் விட்டேன் என்று அப்போதாவது வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கலாம். பயந்தாங்கொள்ளி, சொல்லவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவதை நிறுத்தினாள். வையவும் இல்லை. நாலு வார்த்தை வைதிருந்தால்கூடத் தேவலை.

அடுத்த வருசம் மந்தையைப் பிரித்துக்கொண்டோம். என் குட்டி வளர்ந்து, முதல் ஈற்றில் பெட்டை போட்டது. அது பால் மறந்ததும் பிடித்துக்கொண்டுபோய் ஓரகத்தி வாசலில் கட்டிவிட்டு வந்தேன். அவள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். பொழுது சாய்வதற்குள் அது எங்கள் ஆட்டோடு வந்து நின்றது.