நீலமாகாத குழாய்கள்

கல்லூரியின் நுண்ணுயிர் ஆய்வகத்தில் அவனுக்கு உதவியாளர் வேலை. கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவுவான், பாக்டீரியாவுக்கு உணவுக் கரைசல் தயாரிப்பான், சனி ஞாயிறிலும் வந்து சோதனையைப் பார்த்துக்கொள்வான். அவன் மனைவி பள்ளி ஆசிரியை. அவளுடைய பள்ளி ரயிலில் பத்து மணி நேரத் தொலைவில். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம் தேறாது. மாற்றல் கேட்டு அவள் போட்ட மனுக்கள் எந்த மேஜையில் தூங்குகின்றன என்று யாருக்கும் தெரியாது.

பேச விஷயம் தீர்ந்த பிறகும் அவன் போனை வைக்க மாட்டான். அவள் விடைத்தாள் திருத்துவாள். தாள்கள் புரளும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவன் படுத்திருப்பான்.

அந்த வருடம் ஆய்வகத் தலைவி கந்தகத்தைப் பற்றி ஆராய்ந்தார். எல்லோருக்கும் அவர் மேடம்தான். கந்தகம் இல்லாமல் பாக்டீரியா வாழாது. அது சல்பேட் உப்பாகக் கிடைத்துக்கொண்டிருக்கும்வரை வேறெதையும் திரும்பிப் பார்க்காது. சல்பேட் தீர்ந்தால்தான், மற்ற பொருட்களிலிருந்து கந்தகத்தைப் பிடுங்க உதவும் மரபணுக்களை இயக்கும். அவை இயங்கினால் சோதனைக் குழாய் நீலமாகும்படி மேடம் ஒரு பாக்டீரியாவை மாற்றியமைத்திருந்தார். கந்தகமில்லாத கரைசலில் விட்டால் சில மணி நேரத்தில் நீலம் வந்தாக வேண்டும்.

நான்கு மாதமாக வரவில்லை. பட்டினியில் வாட வேண்டியவை கொழுகொழுவென்று வளர்ந்தன. ஒவ்வொரு தோல்வியும் இன்னொரு சனிக்கிழமையை விழுங்கியது. அவன் ஊருக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது.

கடைசியில் அவளே கிளம்பி வந்தாள், இரண்டு நாள் விடுமுறையில். வந்ததும் வராததுமாக அவன் அறையில் கிடந்த டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள்.

"என்னங்க இது, எத்தன தடவ அலசினாலும் வழவழப்பு போகல. என்ன பவுடர்?"

"லேப்ல போடுற பவுடர்தான். அதே பாக்கெட்டக் கடையில வாங்கினேன்."

எழுத்து எதுவானாலும் படித்துவிடும் பழக்கம் அவளுக்கு. பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பினாள். "சோடியம் கார்பனேட், சோடியம் சல்பேட்..."

"இன்னொரு தடவ படி."

படித்தாள். அவன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டான். பழைய கழுவும் திரவம் கிடைக்காமல் இந்தத் தூளை ஆய்வகத்துக்கு வாங்கிவந்தவன் அவன்தான். வாங்கியது சரியாக நான்கு மாதத்துக்கு முன். காய்ச்சி வடித்த நீரில் ஏழு முறை அலச வேண்டியதை, அந்த நீர் வடிகருவியிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் இறங்குகிறதே என்று மூன்றோடு நிறுத்தியவனும் அவன்தான்.

"பட்டினி போடுறதா நெனச்சு, நானே அதுங்களுக்கு ஊட்டி விட்டிருக்கேன்."

"மேடம்கிட்ட சொல்லிடுங்க."

"திட்டுவாங்க."

"திட்டட்டும். அதுக்காகச் சொல்லாம இருப்பீங்களா?"

அவன் போனில் எல்லாவற்றையும் சொன்னான். மேடம் கேட்டுவிட்டு, "பாத்திரத்த எதுல கழுவுறோம்னு எனக்கும் கேக்கத் தோணலியே. எல்லாத்தையும் திரும்பக் கழுவணும். எப்ப முடியும்?" என்றார்.

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் அதற்குள் கையைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினாள். "வாங்க. சினிமாவுக்குப் போறதா நெனச்சுக்கறேன்."

ஆய்வகத்தில் அவன் தூள் போடாமல் தேய்த்துக் கொடுத்தான், அவள் அலசினாள். வகுப்பில் வருகை எடுப்பதுபோல அலசல்களை எண்ணினாள். ஐந்தில் அவன் கை நீட்டினால், "இன்னும் ரெண்டு இருக்கு, அவசரப்படாதீங்க" என்பாள். தொட்டி குறுகல், முழங்கைகள் உரசின. அவன் தேய்ப்பது மெல்ல மெல்ல மந்தமானது. அது அவளுக்குத் தெரிந்தது, அவளும் நிதானமாக அலசினாள். மறுநாள் மாலை நாலு மணிக்குக் கடைசிக் குடுவை முடிந்தது. ஐந்தரைக்கு அவளுக்கு ரயில்.

பிளாட்பாரத்தில் அவனுக்கு எவ்வளவோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. "தண்ணி பாட்டில் எடுத்துக்கிட்டியா?" என்று கேட்டான்.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டுக்குக் குழாய்கள் நீலமாயின. மேடம் ஒன்றை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். அவன் வராந்தாவுக்கு ஓடிப்போய் போன் செய்தான்.

"நெஜமாவா? அப்போ இனிமே சனிக்கிழமை லீவுதானே?"

கண்ணாடிக் கதவுக்குள் மேடம் நாட்காட்டியில் வட்டம் போட்டுக்கொண்டிருந்தார், சனிக்கிழமைகளையும் சேர்த்து. சோதனை சரியாக வந்துவிட்டதால், இனி ஒவ்வொரு மரபணுவாகப் பார்க்க வேண்டும்.

"இன்னும் மூணு மாசம் ஆகும்போல," என்றான்.

"அப்ப அலச ஆள் வேணும்ல. பரீட்ச முடியட்டும், வரேன்."

பரீட்சை முடிய ஐந்து வாரம் இருந்தது. அவன் 'சரி' என்பதற்குள் அவள் பக்கத்தில் பள்ளி மணி அடித்தது.