அடிபட்டதா என்று கேட்டார்கள்

டெலானிபூர் குவார்ட்டர்ஸில் எனக்கும் வசந்தகுமாரிக்கும் நடுவே ஒரே ஒரு சுவர்தான். அந்தச் சுவர் வழியாக அவள் அடி வாங்குவதைப் பதினோரு வருடம் கேட்டேன். முதலில் பாத்திரம் விழும், பிறகு அவள் விழுவாள். நான் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பேன். இப்போது நினைத்தால் என் முகத்தில் நானே காறித் துப்பத் தோன்றுகிறது.

வசந்தகுமாரி கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டும் குடும்பத்தில் பிறந்தவள். அரிசி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு மூச்சு வாங்காமல் மேடேறுவாள். அவள் புருஷன் சுரேந்திரனுக்கு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் கப்பல் டிக்கெட் கவுண்டர் வேலை. ஊருக்கெல்லாம் சிரித்த முகம் காட்டுவான்.

போன ஆனியில் கச்சாலில் அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று தகவல் வந்தது. வீட்டில் அவனிடம் சொல்லாமல், ஊரார் முன்னால் மறுக்கமாட்டான் என்று அவன் கவுண்டரிலேயே வரிசையில் நின்று கச்சாலுக்கு டிக்கெட் கேட்டாள். சிரித்துக்கொண்டே கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் முடியைப் பிடித்து அலமாரியில் மோதினான். விழுந்தவளுக்கு இடது விலாவுக்குக் கீழே செருப்புக் காலால் மூன்று உதை.

வாந்தி நிற்கவில்லை. ஸ்கேனில் கணையத்தின் வால் பக்கம் எலுமிச்சை அளவில் ஒரு நீர்க்கட்டி தெரிந்தது. வயிற்றில் அடி ஏதாவது பட்டதா என்று டாக்டர் இந்தியில் கேட்டார்.

"குச் நஹீன் சார்", ஒன்றுமே படவில்லை என்று சுரேந்திரன் முந்திக்கொண்டான். அவள் தரையைப் பார்த்தாள்.

அடிபட்டும் இப்படிக் கட்டி வரும், புற்றாக மாறக்கூடிய கட்டியாகவும் இருக்கும், உள்ளே இருக்கும் நீரைச் சோதித்தால்தான் தெரியும், கடல் தாண்டி மெயின்லேண்டுக்குப் போங்கள் என்றார் டாக்டர்.

அன்றிலிருந்து சுரேந்திரன் வேறு ஆளாகிவிட்டான். டீ போட்டுக் கொடுத்தான், துணி துவைத்தான். இரண்டு மாதம் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை.

"அவரு மாறிட்டாருக்கா. இந்தச் சீக்கு வந்தது ஒருவகைல நல்லதுதான்" என்றாள்.

சென்னைக்கு என்னையும் கூப்பிட்டாள். லீவு போட்டுப் போனேன். வாய் வழியாகக் குழாய் விட்டு, ஊசியால் கட்டியின் நீரை எடுத்தார்கள். பத்து நாள் கழித்து மூவரும் டாக்டரம்மா முன்னால் உட்கார்ந்தோம்.

"அடிபட்டு வந்த கட்டின்னா நீர்ல அமைலேஸ் எக்கச்சக்கமா ஏறியிருக்கும். இங்க அது கம்மி. வேற வகைக் கட்டியைக் காட்டுற சிஇஏ ரொம்ப அதிகம். மரபணுவுலயும் ஒரு மாற்றம் இருக்கு. இது இன்னும் புற்று ஆகலைன்னு நினைக்கிறோம், ஆனா ஆகக்கூடிய வகை. கணையத்தோட வாலை வெட்டி எடுத்தாகணும்."

வசந்தகுமாரியின் கை என் கையைத் தேடியது. சுரேந்திரன் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"அப்ப நான் உதைச்சதால வரல" என்றான். "பாத்தியா குமாரி? ரெண்டு மாசமா போலீசு கேஸுன்னு என் உசுரே போச்சு. பஸ், டென்ஷன் கதம், இனி கவலையே இல்ல."

அவன் சிரித்தான். கவுண்டரில் சிரிக்கும் அதே சிரிப்பு.

வசந்தகுமாரியின் மடியில் வெந்நீர் ஃபிளாஸ்க் இருந்தது. அதை எடுத்து அவன் வாயிலேயே அடித்தாள். இரண்டாவது அடியில் முன்பல் ஒன்று டாக்டரம்மாவின் மேஜையில் வந்து விழுந்தது. பழக்கத்தில் அவன் கையை ஓங்கினான். அந்தக் கையைப் பிடித்து, வாயில் ரத்தம் கரிக்கும்வரை கடித்தேன். பதினோரு வருடத்துக்கும் சேர்த்துக் கடித்தேன்.

அடுத்த வாரம் கட்டியை வெட்டி எடுத்தார்கள். புற்று தொடங்கியிருக்கவில்லை. ஆனால் எனக்கு மறக்காதது, அன்று ஆஸ்பத்திரி ஆட்கள் அவனை வெளியே இழுத்துப் போன பிறகு நடந்ததுதான். வசந்தகுமாரி நசுங்கிய ஃபிளாஸ்கை மேஜைமேல் வைத்தாள். புடவையைச் சரிசெய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அடிபட்டதான்னு அங்க கேட்டாங்கம்மா. அவருதான் இல்லேன்னாரு" என்றாள். "இப்ப என்னையக் கேளுங்க."