ஃபெர்ரியில் ஒரு ரெட் கார்டு

சுனாமிக்குச் சில வருஷங்கள் கழித்து, கல்யாணமாகிச் சிவகங்கைப் பக்கத்திலிருந்து நான் அந்தமானில் உள்ள பம்பூஃப்ளாட்டுக்கு வந்தேன். கணவர் மின்துறையில் லைன்மேன். அவர் குடும்பம் இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து வந்து கச்சால் தீவில் குடியேறியது. கடல் ஏறி வந்த பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். சாயங்காலங்களில் அவர் கால்பந்து ரெஃப்ரி.

எனக்குப் போர்ட் பிளேரில் ஒரு அலுவலகத்தில் வேலை. தினமும் காலையில் சாத்தம் போகும் ஃபெர்ரி. அதில் ஒரு காண்ட்ராக்டர் வருவார். ராமநாதபுரத்துக்காரர், பெரார்கஞ்சில் குடியிருப்பு. காய்கறிக் கூடையோடு ஒரு வங்காளி அம்மா வருவாள். நாங்கள் மூவரும் ஒரே பெஞ்ச். என் கணவர் ரெஃப்ரி என்பது இருவருக்கும் தெரியாது. சொல்லத் தோன்றியதில்லை.

அந்த வருஷம் அரையிறுதியில் பம்பூஃப்ளாட்டும் பெரார்கஞ்சும் மோதின. பம்பூஃப்ளாட்டில் பின்னால் நின்று தடுக்கும் ஸ்டாப்பர் சறுக்கி விழுந்து பெரார்கஞ்ச் ஃபார்வர்டின் காலை வாரினான். அந்தப் பையனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ரெஃப்ரியாக இருந்த என் கணவர் விசில் ஊதவில்லை. பம்பூஃப்ளாட் ஜெயித்தது. ஃபைனலில் எதிரே மின்னி பே டீம், அதற்கும் இவரேதான் ரெஃப்ரி.

மறுநாள் ஃபெர்ரியில் காண்ட்ராக்டர் கொதித்துக்கொண்டிருந்தார்.

“கால்ல ஏறி மிதிச்சிருக்கான், தங்கச்சி. கார்டு இல்ல, ஒண்ணும் இல்ல. அந்த ரெஃப்ரிக்கு வீடு பம்பூஃப்ளாட்லயாம். வேற என்ன.”

“ஐசா மத் போலோ, பாயி,” என்றாள் காய்கறி அம்மா. இந்தியில், அப்படிப் பேசாதே என்று அர்த்தம். அவள் பம்பூஃப்ளாட்காரி. “ரெஃப்ரி அச்சா ஆத்மி ஹை.” நல்ல மனுஷனாம்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நானும் மைதானத்தில் இருந்தேன். பார்த்ததை மறைக்க முடியவில்லை.

“அது ரெட் கார்டுதாண்ணே. ஆனா வேணும்னு விட்டிருக்க மாட்டாரு. வீடு எங்க இருந்தா என்ன?”

“நீ சொன்னதுல முதல் பாதி போதும் எனக்கு,” என்றார் காண்ட்ராக்டர். “ஃபைனல்ல மின்னி பே டீம்தான் ஜெயிக்கும், எழுதி வச்சுக்க.”

ராத்திரிச் சாப்பாட்டின்போது, ஃபெர்ரியில் எல்லாரும் அது ரெட் கார்டு என்கிறார்கள் என்று வீட்டில் சொன்னேன், அங்கே நான் சொன்னதை மட்டும் விட்டுவிட்டேன். அவர் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். என்னை அடுப்பங்கரை நடுவில் ஃபார்வர்டாக நிறுத்தி, தான் ஸ்டாப்பராகக் காலை நீட்டிக் காட்டினார்.

“முதல்ல பந்தத்தான் தொட்டான்.”

“தொட்டான். அப்புறம் அடிப்பாதம் அந்தப் பையன் முட்டிக்குப் போச்சு. நான் எதிர்ப்பக்கம் உக்காந்திருந்தேன், நல்லாத் தெரிஞ்சுச்சு.”

நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். “நான் நின்ன எடத்துக்கு அவன் முதுகு மட்டுந்தான் தெரிஞ்சிச்சு” என்றார்.

“சரி, ஃபைனல்ல யாரு ஜெயிப்பாங்க?”

“அத என்கிட்ட கேக்காத” என்று மறுபடி உட்கார்ந்து சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

ஃபைனல் அன்று தூறல். ஆட்டம் சூடுபிடிக்கும் முன்பே அதே ஸ்டாப்பர் ஒருவனை இடித்துத் தள்ள, இவர் உடனே மஞ்சள் அட்டையைத் தூக்கினார். அதற்குப் பிறகு யாரும் முரட்டுத்தனம் காட்டவில்லை. எனக்கு ஆட்டமே அன்றுதான் அழகாகத் தெரிந்தது. கடைசியில் கோல் பக்கத்தில் ஒரு மின்னி பே பையன் விழுந்தான். இவர் விசிலை ஊதி பெனால்டி இடத்தைக் காட்டினார். பம்பூஃப்ளாட் கூட்டம் முழுக்க எழுந்து கத்தியது. அந்த ஒரு கோலில் மின்னி பே கோப்பையை வாங்கிக்கொண்டு போனது.

திங்கட்கிழமை அவருக்கும் போர்ட் பிளேரில் வேலை இருந்ததால் என்னோடு ஃபெர்ரியில் வந்தார். பெஞ்சில் உட்கார்ந்ததும் காய்கறி அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

“ரெஃப்ரி அந்தா ஹை, தீதி. பில்குல் அந்தா.” முழுக் குருடனாம்.

“என்னம்மா பேசுற?” என்று காண்ட்ராக்டர் பாய்ந்தார். “அந்தமான்லயே இப்படி ஒரு ரெஃப்ரி கெடையாது. போன வாரம் இந்தத் தங்கச்சிகூட ரெட் கார்டுன்னு சொல்லுச்சு. அத எவனோ அவரு காதுல போட்டிருக்கான். மனுசன் திருந்திட்டாரு.”

என் கணவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். “ஃபெர்ரில எல்லாரும் சொல்றாங்கன்னுதான சொன்ன? நீயும் இங்க சொன்னியா?”

நான் கடலைப் பார்த்தேன். காண்ட்ராக்டர் அவர் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுப் பையை மடியிலிருந்து கீழே வைத்தார்.

“சார், நீங்க…”

“இவரு எங்க வீட்டுக்காரரு” என்றேன்.

காய்கறி அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். பிறகு கூடையிலிருந்து ஒரு வெள்ளரிக்காயை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். “லேகின் பெனால்டி நஹி தா” என்றாள். இருந்தாலும் அது பெனால்டி இல்லையாம். என் கணவர் வெள்ளரிக்காயை வாங்கிக் கடித்துக்கொண்டே சிரித்தார்.

சாத்தத்தில் இறங்கிய பிறகும் அவரும் காண்ட்ராக்டரும் படகுத்துறையில் நின்று, யார் சட்டையை யார் இழுத்தது என்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்கு நேரமாகிவிட்டது, பஸ் ஏறிவிட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் உற்சாகமாக இருந்தார். காண்ட்ராக்டர் பூரி வாங்கிக் கொடுத்தாராம். பொங்கலுக்குப் பெரார்கஞ்ச் பையன்கள் நடத்தும் போட்டிக்கு இவர்தான் விசில் பிடிக்க வேண்டுமாம்.

“நீயும் வரணும்னாரு” என்றார்.

“எதுக்கு?”

“எதிர்ப்பக்கம் உக்கார ஒரு ஆள் வேணுமே.”