கொக்கி இருக்கிற ரூம்

உத்திரமேரூர்லேர்ந்து ரெண்டு மூணு பஸ் மாறினா கடல் வந்துடும். காலையில கட்டுச்சோத்தோட கெளம்பி, கால நனைச்சிட்டு, சாயங்காலம் சட்டையெல்லாம் மணலோட வூடு வந்து சேர்றதுதான் எங்க ஊரு வழக்கம். கடலாண்ட ரூம் போட்டுத் தங்கப் போறேன்னு நான் சொன்னப்ப, மோட்டார் ரிப்பேருக்குக் கூப்பிட வந்தவரு என்ன ஏற எறங்கப் பாத்தாரு. "ஏம்பா, வூட்ல கரண்ட் இல்லியா?"ன்னாரு. நான் ஒயர்மேன். ஒயர்மேன்கிட்டயே கேக்குற கேள்விய பாருங்க.

காரணம் எங்க வூட்டுக்காரி. அவ சர்க்கார் வேலைக்குப் பரீட்சை எழுதறா. மொத தபா எழுதப் போனப்ப மாசமா இருந்தா, பாதியிலயே வாந்தி எடுத்துட்டு எழுந்து வந்துட்டா. ரெண்டாவது தபா பாப்பாவுக்கு நெருப்பா ஜுரம். இவ ஆஸ்பத்திரி பெஞ்சுல புள்ளய மடியில போட்டுக்கினு ஒக்காந்திருந்தா, பரீட்சை இவ இல்லாமயே நடந்து முடிஞ்சுது. அத பத்தி ஒரு வார்த்த பேசல. பேசியிருந்தா கூடப் பரவாயில்ல, எனக்கு மனசு ஆறியிருக்கும்.

இது மூணாவது. எங்க வூடு ஒரு ஹாலு, ஒரு சமையக்கட்டு, அவ்ளோதான். பாப்பாவுக்கு ரெண்டு வயசு முடிஞ்சு கொஞ்ச நாளாகுது. அம்மா புஸ்தகத்த தொறந்தா போதும், ஓடி வந்து அது மேலயே ஏறி ஒக்காந்துக்கும். பரீட்சைக்கு ரெண்டு வாரம் இருக்கறப்ப ஒரு நாளு வேல முடிஞ்சு வந்தேன். பாப்பா டிவி பாத்துக்கினு கீது, அவளக் காணோம். பாத்தா, பாத்ரூம்ல ஒரு பக்கெட்ட கவுத்துப் போட்டு அது மேல ஒக்காந்து படிச்சிக்கினு கீறா. எனக்குக் கோவம் வந்துச்சு. யாரு மேலன்னு தெரியல, ஆனா செம கோவம்.

"அடுத்த வாரம் ரெண்டு நாளு பாப்பாவ நான் தூக்கிக்கினு போயிடறேன். நீ வூட்டப் பூட்டிக்கினு படி. நான் உனக்கு போன் பண்ண மாட்டேன், நீயும் பண்ணாத"ன்னேன். அவ நம்பல. அஞ்சு நிமிஷம் கழிச்சு, "நெஜமாவா?"ன்னா.

மானாம்பதியில எங்க அம்மா வூட்டுக்குப் போகலாம்தான். போனா, பொம்பள படிக்கிறாளாம், ஆம்பள புள்ளய சொமந்துக்கினு திரியறானாம்னு தெருவே வந்து வெசாரிக்கும். மாமியார் வூடுன்னா அவங்க மணிக்கொரு தபா பொண்ணுக்கு போன் போட்டு, "புள்ள ஏங்குது"ன்னு சொல்லுவாங்க. ரெண்டும் ஆவாது. கடலுக்குப் போனா கேள்வி கேக்க ஆள் இல்ல. அப்டித்தான் நெனச்சேன்.

ஒரே ஒரு சிக்கல். பாப்பாவுக்குத் தூளி இல்லாம தூக்கம் வராது. அம்மாவோட பழைய பொடவை, அது மேல கொக்கியிலேர்ந்து தொங்கணும், ஆட்டணும். கட்டில்ல போட்டா கண்ண உருட்டிக்கினு கெடக்கும். மத்தியானம் ஒரு தூக்கம் போடலன்னா சாயங்காலம் ஊர ரெண்டாக்கிடும், யாராலயும் சமாளிக்க முடியாது, அம்மாவத் தவிர. மொத நாளே அப்டி ஆச்சுன்னா நான் கடைசி பஸ்ஸப் புடிச்சு வூட்டு வாசல்ல வந்து நிக்கணும். அவ படிப்பு அவ்ளோதான். அதனால எனக்கு நீச்சல் குளமும் வேணாம், ஏசியும் வேணாம், கொக்கி இருக்கிற ரூம் ஒண்ணு வேணும்.

மொதல்ல ஈசிஆர்ல பெரிய ரிசார்ட் ஒண்ணுக்கு போன் பண்ணேன். போன எடுத்த பொண்ணு மூச்சு விடாம சொல்லிச்சு. கொழந்தைங்களுக்குத் தனி நீச்சல் குளம், வெளையாட ரூம், காரம் இல்லாத சாப்பாடு, கம்பி போட்ட சின்னக் கட்டிலு. எல்லாம் கேட்டுட்டு, "ஏம்மா, சீலிங்ல கொக்கி கீதா?"ன்னேன்.

"சாரி சார்?"

"கொக்கிம்மா. தளத்துல. ஒரு போட்டோ எடுத்து அனுப்பேன்."

நீச்சல் குளத்த அனுப்பிச்சு. அது இல்லம்மான்னேன், நாஷ்டா டேபிள அனுப்பிச்சு. மூணாவதாத்தான் சீலிங் வந்துச்சு. பூப்பூவா டிசைன் போட்டு, நடுவுல லைட்டெல்லாம் வச்சு, பாக்க நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஃபால்ஸ் சீலிங். நானே அந்த மாதிரி எத்தினி எடத்துல லைட்டு மாட்டியிருக்கேன். அதுல பல்லி நடக்கலாம், புள்ளயத் தொங்கவிட முடியுமா?

அந்த வாரம் பூரா எனக்கு இதே நெனப்பு. எவன் வூட்டுக்கு வேலைக்குப் போனாலும் மொதல்ல அண்ணாந்து பாத்தேன். பழைய வூட்ல ரூமுக்கு ரெண்டு கொக்கி கீது. புது வூட்ல ஃபேனுக்கு ஒண்ணு, அதோட சரி. கொழந்தைக்குன்னு சறுக்கு மரம் வைக்கிறான், ப்ளக் பாயிண்டுக்கு மூடி போடறான், (அதுக்கு அவனுக்கு ஒரு கும்புடு போடலாம்), ஆனா நம்ம ஊரு புள்ளைங்க எதுல தூங்குதுன்னு ஒருத்தனும் யோசிக்கலியே, ஏன்? கட்டறவன் வூட்லயும் புள்ள இருந்திருக்கும் இல்ல? எனக்கு நெஜமாவே ஆச்சரியமா இருந்துச்சு.

சரி, பழைய லாட்ஜுன்னா கொக்கி இருக்கும்னு வரிசையா போன் போட்டேன். நான் பேசினது இதான். "ஃபேன் இல்லாம தளத்துல இன்னொரு கொக்கி கீதா? நல்லா வெயிட் தாங்குமா?"

"எத்தினி பேரு சார்?"

"நானும் பாப்பாவும்."

"மேடம் வரலியா?"

"வரல."

போன கையால மூடிக்கினு யாருகிட்டயோ குசுகுசுன்னான். அப்புறம், "ரூம் இல்லீங்க"ன்னுட்டான். ஒரு நிமிஷம் முன்னாடி எத்தினி பேருன்னு கேட்டவன்! அடுத்த லாட்ஜுலயும் அதே கதை. மூணாவது எடத்துல ஒரு பெரியவரு, "தம்பி, எதுவா இருந்தாலும் பேசித் தீத்துக்கலாம்பா"ன்னாரு. "ரேட்டத்தான சொல்றீங்க?"ன்னு கேட்டேன். "வூட்ல பெரியவங்க யாருனா இருந்தா போன குடு"ன்னாரு. ரூம் கேட்டா பெரியவங்களக் கேக்குறாரே, இன்னாடா பேஜாரா போச்சுன்னு நானே வச்சிட்டேன்.

கடைசியில என்கூட வேல பாக்கற பிளம்பர் ஒரு எடம் சொன்னான். சதுரங்கப்பட்டினம் தாண்டி ஒரு குப்பம், அங்க ஒரு அம்மா நாலு ரூம் விட்டுக்கினு இருக்காங்க, பழைய கட்டடம், கெட்டித் தளம். போன்ல கேட்டாத்தான வம்பு, நேராவே போயிடலாம்னு முடிவு பண்ணேன்.

கெளம்பற அன்னிக்கு வூட்டுக்காரி பையில ரெண்டு கவுனு, பிஸ்கட்டு, தூளிப் பொடவை, அதுக்கு மாட்டற ஸ்பிரிங் எல்லாம் வச்சா. அப்புறம் பாப்பா கையப் புடிச்சு பேனாவால அவ போன் நம்பர எழுதினா, கருட சேவைக் கூட்டத்துக்குப் போறப்ப எழுதற மாதிரி. "நான் இன்னா, புள்ளயத் தொலைக்கவா போறேன்?"ன்னேன். "நீ தொலைஞ்சு போயிட்டீன்னா? புள்ளயாவது என்கிட்ட வந்து சேரட்டும்"னா. வாய்க்கு மட்டும் கொறச்சல் இல்ல. பஸ் நகர்றப்ப அவ கைய ஆட்டல, சடார்னு திரும்பி நடந்துட்டா. படிக்கற அவசரம்னு நெனச்சிக்கினேன்.

பதினோரு மணிக்குப் போய்ச் சேந்தோம். அந்த அம்மாவுக்கு அறுபது வயசு இருக்கும். ஆதார் வாங்கி நோட்டுல எழுதிக்கினு, ரூமத் தொறந்து காமிச்சாங்க. நான் கட்டிலப் பாக்கல, பாத்ரூமப் பாக்கல, நேரா மேல பாத்தேன். கொக்கி இல்ல. ஆனா கொக்கி இருந்த எடம் இருந்துச்சு, சுண்ணாம்பு அடிச்சு மறச்சு ஒரு குட்டி முண்டு. கட்டில் மேல ஏறி விரலால தடவினேன். உப்புக் காத்துல துரு புடிச்சு உதுந்திருந்தா நுனி முள்ளு முள்ளா இருக்கும். இது நேரா அறுத்தது, ஆக்ஸா பிளேடு போட்டு யாரோ வேணும்னே அறுத்திருக்காங்க. பக்கத்து ரூமுக்கு ஓடிப் போய்ப் பாத்தேன், அங்கயும் அதே. ஃபேன் கூட செவுத்துலதான்.

"யம்மா, இவ்ளோ நல்ல கொக்கிய யாரு அறுத்தது? எதுக்கு?"ன்னு கேட்டேன். தெரிஞ்சிக்கணும்னுதான் கேட்டேன்.

அவங்க மூஞ்சி மாறிப்போச்சு. "நீ மொதல்ல கீய எறங்கு நைனா"ன்னாங்க. எறங்கினேன்.

"உனக்கு எதுக்குக் கொக்கி?"

"பாப்பாவுக்குத் தூளி கட்ட."

"புள்ளயோட அம்மா எங்க?"

"வூட்ல."

"சண்டையா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லம்மா."

"அப்ப ஒரு போன் போடு, நான் பேசறேன். பேசிட்டுத்தான் சாவி."

"அவளுக்கு ரெண்டு நாளைக்கு போன் பண்ண முடியாதும்மா. பண்ண மாட்டேன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

இத சொன்னதும் அவங்க இன்னும் மெரண்டுட்டாங்க. எனக்கா, சுர்ருனு ஏறுது. காசு குடுத்துத் தங்க வந்தவன கோர்ட்டுல நிக்க வச்சா மாதிரி. பொண்டாட்டி படிக்கறான்னு இங்கயும் வெளக்கம் சொல்லணுமான்னு வீம்பா நின்னேன். அவங்க குனிஞ்சு பாப்பா கையப் புடிச்சுப் பாத்தாங்க, நோட்டுல என்னமோ எழுதிக்கினாங்க. "போய் புள்ளைக்குக் கடலக் காமி. யோசிச்சு சொல்றேன்"ன்னாங்க.

கடலப் பாத்ததும் பாப்பா, "ஏரி!"ன்னு கத்திச்சு. எங்க ஊரு ஏரியத் தவிர அது பாத்த பெரிய தண்ணி இல்ல. அப்புறம் கைய நீட்டிக்கினு ரொம்ப நேரம் பாத்துட்டு, "அந்தக் கர எங்க?"ன்னுச்சு. இருக்குது, தூரமா கீதுன்னேன். "வா, போலாம்"ன்னு கையப் புடிச்சு இழுத்துச்சு. கால்ல தண்ணி பட்டா அலறுது, தண்ணி பின்னால போனா அதத் தொரத்திக்கினு ஓடுது. பன்னண்டரைக்குக் கண்ணக் கசக்க ஆரம்பிச்சுது. இன்னும் ஒரு மணி நேரத்துல தூங்கலன்னா ஊருக்குத்தான் பஸ் ஏறணும்.

திரும்பி வந்தா அந்த அம்மா வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. மூஞ்சி வேற மாதிரி இருந்துச்சு. "ரூம்ல வேணாம், எங்க வூட்டுக்குள்ள வா. அறுக்காம வுட்டது இங்க ஒண்ணுதான், என் பேரப் புள்ளைக்குக் கட்டினது"ன்னு உள்ள கூட்டிக்கினு போனாங்க. கொக்கிய அண்ணாந்து பாத்தேன், கெட்டியா இருந்துச்சு. ஸ்டூல் போட்டு ஏறி, ஸ்பிரிங்க மாட்டி, பொடவையக் கட்டினேன். கொழந்தையப் போடறதுக்கு முன்னாடி சோதிக்கலாம்னு ஒரு தண்ணிக் குடத்த உள்ள வச்சேன். முடிச்சு நழுவி, குடம் டொம்முனு கீழ வந்து, வூடெல்லாம் தண்ணி. மறுபடி கட்டினேன், மறுபடி நழுவுது. வூட்ல எப்பவும் அவதான் கட்டுவா.

அந்த அம்மா வயித்தப் புடிச்சிக்கினு சிரிச்சாங்க. "தள்ளு, தள்ளு. அது சொன்னது செரியாத்தான் கீது"ன்னு அவங்களே ஏறி, ரெண்டு சுத்து சுத்தி ஒரு முடிச்சு போட்டாங்க. பாப்பாவப் போட்டு ஆட்டினேன். கொஞ்சம் மொனகிச்சு, பொடவைய மோந்து பாத்துச்சு, நாலு ஆட்டுல தூங்கிடுச்சு.

"எது சொன்னது?"ன்னு கேட்டேன்.

"உன் பொண்டாட்டி. புள்ள கையில நம்பரு இருந்துச்சு இல்ல, போன் பண்ணேன்."

எனக்குக் கோவம் பொத்துக்கினு வந்துச்சு. "யம்மா, போன் பண்ண முடியாதுன்னு சொன்னேனே! அவ படிக்கணும்னுதான நான்..."

"ஒக்காரு. சொல்றத கேளு"ன்னாங்க. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் தனியா வந்து இங்க ரூம் எடுத்தானாம். சிரிச்சிக்கினேதான் சாவி வாங்கினானாம். மறுநாளு கதவ ஒடைக்க வேண்டியதா போச்சாம். "அன்னிக்கே எல்லாக் கொக்கியும் அறுத்துட்டேன். நீ வந்த ஒடனே மேல பாத்த பாரு, எனக்கு ஈரக்கொல நடுங்கிப் போச்சு. அதுலயும் பச்ச மண்ண வேற கையில வச்சிக்கினு."

எனக்கு அப்பதான் ஒறைச்சுது. அந்த லாட்ஜுங்க, அந்தப் பெரியவரு, "பேசித் தீத்துக்கலாம்பா." ஐயையோ, இன்னான்னு நெனச்சிருக்காங்க எல்லாரும்! சிரிப்பு வருது, சிரிக்கவும் முடியல. முன்ன பின்ன தெரியாதவங்க, எனக்காக பயந்திருக்காங்க.

"அவ இன்னா சொன்னா?"ன்னேன்.

"கொக்கி கேட்டுக்கினு வந்து நிக்கிறாரேம்மா, வூட்ல எதுனா பிரச்சனையான்னு கேட்டேன். 'கொக்கியா?'ன்னு திருப்பிக் கேட்டுது. அப்புறம் சிரிச்சுது பாரு ஒரு சிரிப்பு! 'அவரு ஊருக்கே ஒயரிங் பண்ணுவாரும்மா, தூளிக்கு ஒரு முடிச்சு போடத் தெரியாது. நீங்களே கட்டிக் குடுங்க'ன்னுது."

"பாப்பா எப்டி கீதுன்னு கேட்டாளா?"

"கேக்கல."

எனக்கு என்னமோ மாதிரி ஆச்சு. அந்த அம்மா என்னயே பாத்துக்கினு இருந்தாங்க.

"நானாத்தான் சொல்ல வாயெடுத்தேன். 'வேணாம்மா, பாப்பாவ பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. அழுவுதுன்னாலும் சொல்லாதீங்க, சிரிக்குதுன்னாலும் சொல்லாதீங்க. கேட்டேன்னா புஸ்தகத்த மூடிட்டு பஸ் ஏறிடுவேன்'ன்னுது. ஒடனே வச்சிடுச்சு."

புள்ளய நான் ஒருத்தன்தான் சொமந்துக்கினு அலையறேன்னு காலையிலேர்ந்து ஒரு பெருமை எனக்கு. அவ வூட்ல ஜாலியா படிச்சிக்கினு இருப்பான்னு வேற நெனச்சேன். கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெக்கமா இருந்துச்சு, இருந்தாலும் தொடைக்கல.

"அழுவறதுன்னா அழு, யாரு வேணாங்கறா"ன்னாங்க அந்த அம்மா. "ஆட்டறத மட்டும் வுட்டுடாத, முயிச்சிக்கும்."

நான் பொடவையப் புடிச்சு ஆட்டிக்கினே இருந்தேன்.